திருத்துவோரும் திருத்தப்படுவோரும்

கி.பி. 403ஆம் ஆண்டில் புனித அகுஸ்தினார், பெத்லகேமில் வாழ்ந்த புனித எரோணிமுசுக்கு ஒரு மடல் வரைந்தார். வட ஆப்பிரிக்காவில் ஓயா என்னும் நகரில் நிகழ்ந்த ஒரு கலகத்தை அம்மடலில் அவர் குறிப்பிடுகின்றார். கலகத்துக்குக் காரணம் ஒரு செடி. இறைவாக்கினர் யோனாவுக்கு நிழல் தந்தது எந்தச் செடி என்பதே வழக்கு. மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கோயிலில் கேட்டுவந்த வாசகத்தில் அது சுரைக்கொடி. எபிரேய மூலத்தை நோக்கிப் புதிதாய் மொழிபெயர்த்த எரோணிமுசோ அதனை வேறொரு படர்கொடி என்று எழுதிவிட்டார். அந்தப் புதிய வாசகத்தை ஆயர் கோயிலில் வாசித்ததும் மக்கள் கொதித்தெழுந்தனர். ஆயர் அவ்வூர் யூதர்களை அழைத்து வினவினார்; அவர்களும் பழைய வாசகத்தின் பக்கமே நின்றனர். மந்தை இல்லாத மேய்ப்பராகிவிடுவோமோ என்று அஞ்சிய ஆயர் வாசகத்தைத் திருத்திக்கொண்டார். இதனை அறிந்த எரோணிமுசு சினந்து விடை எழுதினார். இன்று நம் தமிழ் விவிலியத்தைத் திறந்தால் அது சுரையும் அன்று, எரோணிமுசு சொன்ன படர்கொடியும் அன்று, ஆமணக்குச் செடி. இக்கால அறிஞர் பலரும் அவ்வாறே கருதுகின்றனர்.

இருவர் திருச்சபையின் மறைவல்லுநர்கள், இருவரும் புனிதர்கள். ஆயினும் ஒருவர் எழுதியதை மற்றொருவர் நேர்முகமாகத் திருத்த முயன்றார். திருத்தப்பட்டவர் முகம் சுளித்தார். முடிவில் உண்மை இருவருக்கும் அப்பால் நின்றது. திருத்துவதும் திருத்தப்படுவதும் அறிவுலகில் புதியன அல்ல என்பதை நினைவூட்டவே இதனைக் கூறினோம். புதியது எதுவெனில், இன்று அத்தகைய வழக்குகள் நாள்தோறும், நாழிகைதோறும், முகம் அறியாதார் பலர் கூடி, ஊதியம் ஏதுமின்றி, எல்லாரும் காண நடத்தப்படுகின்றன என்பதே. விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தையே இங்குக் கருதுகிறோம். நம் மறைக்கல்வி மாணவர் விவிலிய வினாடி வினாவுக்கு ஆயத்தம் செய்வதும் அதனைக் கொண்டுதான். நம் இளங்குருக்கள் சிலர் மறையுரைக்குக் குறிப்பெடுப்பதும் அதனைக் கொண்டுதான் (அவர்கள் நம்மை மன்னிப்பார்களாக). ஆனால் அதனை எழுதுவோர் யார், எவ்வாறு எழுதுகின்றனர் என்று வினவினால் பலருக்குத் தெரிவதில்லை.

யாப்பிலிருந்து அகர வரிசைக்கு

தமிழில் சொற்பொருள் அறியப் பழங்காலத்தில் நிகண்டுகள் இருந்தன. அவை செய்யுளால் இயன்றவை. மனப்பாடம் செய்வதற்கு ஏற்றவை. ஆனால் செய்யுளில் ஒரு சொல்லைப் புதிதாய் நுழைத்தால் யாப்புக் கெடும். பிழையான ஒரு சொல்லை நீக்கினாலும் கெடும். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை இயற்றிச் சொற்களை அகர வரிசையில் நிறுத்தியபோது, தேடுவோர்க்கு எளிமை செய்தார் என்று மட்டுமே நாம் குருமடத்தில் படித்தோம். அவர் திருத்துவோர்க்கும் எளிமை செய்தார் என்பது பின்னரே நமக்குத் தோன்றிற்று. அகர வரிசையில் ஒரு சொல்லைச் சேர்த்தாலும் எடுத்தாலும் பிற சொற்கள் தத்தம் இடத்தில் நிற்கும்.

அவருக்கு முன்னரும் நம் மறைப்பணியாளர் இவ்வேலையில் ஈடுபட்டிருந்தனர். இயேசு சபையைச் சேர்ந்த அந்தாவ் தெ புரோயென்சா தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி, அவர் இறந்து பல ஆண்டுகள் கழிந்தபின், 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சேறிற்று. அதன் படியொன்றை வத்திக்கான் நூலகத்தில் தவத்திரு சேவியர் தனிநாயகம் அடிகளார் கண்டெடுத்து, 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். நம் புதுச்சேரி மண்ணிலேயே, பாரிசு வேதபோதக சபையைச் சேர்ந்த முசே அடிகளாரும் துப்புயி அடிகளாரும் இணைந்து உருவாக்கிய தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855இலும் 1862இலும் இரு தொகுதிகளாக மிசியோன் அச்சகத்தில் வெளிவந்தது. துப்புயி அடிகளாரை ஓர் அருள்சகோதரியர் சபையின் நிறுவனர் என்றே நம் மக்கள் அறிவர். அகராதிக்காரர் என அறிவோர் சிலரே.

பின்னர்க் களஞ்சியங்கள் வந்தன. 1902இல் யாழ்ப்பாணத்தில் முத்துத்தம்பிப் பிள்ளையின் அபிதான கோசம். 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாகச் சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி. இரண்டுமே தனி மனிதரின் தவம். விடுதலைக்குப்பின் அவினாசிலிங்கம் செட்டியார் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 தொடங்கி 1968 வரை பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. இது தனி மனிதர் பணி அன்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிஞர் எழுதினர். எனினும் அச்சுக்குச் சென்றபின் ஒரு பிழை கண்டால் அடுத்த பதிப்பு வரும்வரை அது பிழையாகவே இருக்கும். அடுத்த பதிப்பு வராவிடின்? நம் குருமட நூலகத்தில் அத்தொகுதிகளின் ஓரங்களில் யாரோ ஒரு பேராசிரியர் பென்சிலால் திருத்தங்கள் எழுதி வைத்திருந்தார். அத்திருத்தங்களை அந்த ஒரே படியைப் புரட்டியவர் மட்டுமே கண்டனர்.

அந்தப் பென்சில் எழுத்து எல்லாப் படிகளிலும் அந்நொடியே தோன்றுமாயின் எப்படியிருக்கும்? விக்கிப்பீடியாவின் சூழ்ச்சி ஏறக்குறைய அதுவே.

ஆலமரத்தடியில்

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சிம்மி வேல்சு என்பவரும் இலாரி சாங்கர் என்பவரும் நுபீடியா என்னும் இணையக் களஞ்சியத்தைத் தொடங்கினர். வல்லுநர் எழுத வேண்டும். ஏழு படிகளில் ஆய்ந்து ஒப்புதல் தர வேண்டும். குறையில்லாத ஏற்பாடுதான். ஆனால் அது 2003இல் மூடப்பட்டபோது நிறைவுற்றிருந்த கட்டுரைகள் ஏறத்தாழ இருபத்தைந்தே. இதற்கிடையில், வல்லுநர்க்குக் கொடுக்கும் முன் வரைவுகளை எழுதிப்பார்க்க ஓர் எளிய இடம் வேண்டுமென்று, 2001 சனவரி 15 அன்று விக்கிப்பீடியா திறக்கப்பட்டது. வார்டு கன்னிங்காம் என்பவர் 1995இல் அமைத்த முறை ஒன்றை அவர்கள் கையாண்டனர். அம்முறையில் பக்கத்தைப் படிப்பவரே அதனைத் திருத்தவும் இயலும். அவாய்த் தீவு மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. எடுபிடியாக வந்தது வீட்டுக்காரனாயிற்று.

தமிழ் விக்கிப்பீடியா 2003இன் பிற்பகுதியில் தோன்றியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவரும் கட்டடக்கலைஞராகப் பணிபுரிந்தவருமான இ. மயூரநாதன், அவ்வாண்டின் இறுதி மாதங்களில், தளத்தின் இடைமுகச் சொற்களைத் தமிழாக்கிக் கட்டுரைகளை எழுதத் தொடங்கினார். உதவிக்கு ஆளில்லாமல் பெரும்பாலும் தனியராகவே அவர் தொடக்கத்தில் உழைத்தார். பிறகு தமிழகத்திலிருந்தும் ஈழத்திலிருந்தும் கனடாவிலிருந்தும் பிறர் வந்து சேர்ந்தனர். பொறியாளர், ஆசிரியர், மருத்துவர், மாணவர், ஓய்வுபெற்றோர் எனப் பலதிறத்தார். 2010இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு கல்லூரி மாணவர்க்குக் கட்டுரைப் போட்டி நடத்தி இதற்கு உரமிட்டது. 2017இல் கட்டுரைகள் ஓர் இலட்சத்தை எட்டின. பின்னர் ஒன்றரை இலட்சத்தையும் தாண்டிவிட்டன. மயூரநாதன் மட்டுமே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் தொடங்கியவர். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்குரிய இயல் விருதை அவருக்கு அளித்தது. அபிதான கோசம் எழுந்த யாழ்ப்பாணத்திலிருந்தே இவரும் வந்தார் என்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

அங்கே திருத்தம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிந்துகொள்வது நன்று. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் இரு பக்கங்கள் உள்ளன. 'வரலாறு' என்னும் பக்கத்தில், யார், எந்நாளில், எந்நேரத்தில், எந்தச் சொல்லை மாற்றினார் என்பது பதிவாகியிருக்கும். பழைய நிலை எதுவும் அழிவதில்லை. 'உரையாடல்' பக்கத்தில் கருத்து வேறுபாடுகளை எழுதி வாதிடலாம். தளம் முழுமைக்கும் பொதுவான செய்திகளைப் பேசும் இடத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். புதியவர் எழுதிப் பழகும் இடம் மணல்தொட்டி. நம் திண்ணைப் பள்ளியை நினைவூட்டும் இப்பெயர்களைத் தேர்ந்தவர்களை வாழ்த்துகிறோம். வேண்டுமென்றே ஒருவன் ஒரு பக்கத்தைச் சிதைத்தால், பக்கத்தைக் கண்காணித்து வருவோர் ஒரு சொடுக்கில் அதனைப் பழைய நிலைக்கு மீட்பர். நிருவாகி எனப்படுவோர் பக்கத்தைப் பூட்டவும் தொல்லை தருவோரைத் தடுக்கவும் அதிகாரம் பெற்றவர். ஆனால் கட்டுரையில் எது சரி என்று தீர்ப்பிடும் அதிகாரம் அவருக்கும் இல்லை. அதனைச் சான்றும் ஒருமித்த கருத்துமே முடிவு செய்ய வேண்டும். அங்கே வாக்கெடுப்பைவிட வாதத்துக்கே மதிப்பு அதிகம்.

எவை பற்றியெல்லாம் வாதிடுகின்றனர்? வெளியிலிருந்து நோக்குவோர்க்குச் சில சிரிப்பை வருவிக்கும். கிரந்த எழுத்துகளை எழுதலாமா கூடாதா என்று பல்லாண்டுகள் வாதிட்டிருக்கின்றனர். ஈழத்து வழக்கு எது, தமிழக வழக்கு எது, இரண்டில் எதைத் தலைப்பாக்குவது என்று வாதிட்டிருக்கின்றனர். நாம் சிரிப்பதற்கு முன் நம் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உரோமை ஆயரை நாம் திருத்தந்தை என்கிறோம்; ஈழத்தார் பாப்பரசர் என்பர்; நம் பாட்டிமார் பாப்பாண்டவர் என்றனர். 2025 மே 8 அன்று புதிய திருத்தந்தை தெரிவு செய்யப்பட்டுப் பதினான்காம் லியோ எனப் பெயர் பூண்டபோது, தொழிலாளர் உரிமைக்குக் குரல் கொடுத்த பதின்மூன்றாம் சிங்கராயரை நினைத்துக்கொண்ட முதியவர் ஒருவர், "சாமி, அவர் சிங்கராயர்தானே, லியோ யார்?" என்று நம்மிடம் கேட்டார். இராயப்பரும் பேதுருவும் ஒருவரே, சின்னப்பரும் பவுலும் ஒருவரே, அருளப்பரும் யோவானும் ஒருவரே என்று இன்றும் நாம் பங்குகளில் விளக்க வேண்டியிருக்கிறது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் ஒன்றாய் அமர்ந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தி, நெடுங்காலம் உழைத்ததன் கனியாகவே 1995இல் பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் வெளிவந்தது. அதனை வெளியிட்ட நடுநிலையம் நம் அருகே திண்டிவனத்தில்தான் உள்ளது. பெயர்களில் இரு சாராரும் விட்டுக்கொடுத்த பின்னரே அந்நூல் கைக்கு வந்தது.

நம் கடற்கரையைப் பற்றிய ஓர் எடுத்துக்காட்டும் தருவோம். நாம் வாழும் குயிலாப்பாளையத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கே சென்றால், காலாப்பட்டைக் கடந்து, மரக்காணத்து உப்பளங்கள் வெண்மையாய் விரிந்து கிடக்கும். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பர் அறிஞர். முதலாம் நூற்றாண்டுக் கிரேக்கக் கடற்பயணக் குறிப்பில் வரும் சோபட்மா என்னும் துறையும் இதுவே என்று சிலர் கருதுவர். ஊர்ப்பற்று உள்ளவர் 'சோபட்மா என்பது மரக்காணம்' என்று எழுதவே விரும்புவார். விக்கிப்பீடியாவின் நடுநிலை விதியோ 'சோபட்மா மரக்காணமே எனச் சிலர் கருதுகின்றனர்' என்று எழுதச் சொல்கிறது. அச்சிலர் யாவர் என்று பெயர் கூறவும் கேட்கிறது. 'என' என்னும் ஈரெழுத்துச் சொல் நின்று எத்தனை பாவத்திலிருந்து ஓர் எழுத்தாளனைக் காக்கிறது!

தமிழ் விக்கிப்பீடியர் தம் உறுதியைக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டளவில் கூகுள் நிறுவனம் ஊதியம் தந்து மொழிபெயர்ப்பாளரை அமர்த்தி, தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் ஏற்றியது. கட்டுரைகள் நீளமானவை, எண்ணிக்கை விரைந்து உயர்ந்தது. ஆனால் தலைப்புகள் நம் மக்களின் தேவையை ஒட்டியவை அல்ல. வாக்கியங்கள் பலவிடங்களில் தமிழாகவே இல்லை. பிழையைச் சுட்டி உரையாடல் பக்கத்தில் எழுதினால் மறுமொழி வராது. எழுதியவர் எழுதிவிட்டு அகன்றிருந்தார். எண்ணிக்கைக்கு மயங்காமல் தமிழ்த் தன்னார்வலர் எதிர்ப்புத் தெரிவித்து, நிறுவனத்தாருடன் பேசி, தரத்துக்கு நெறிகள் வகுக்கக் கோரினர்; 2010இல் போலந்தின் கதான்சுக் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் இதனை உலகுக்கு எடுத்துரைத்தனர். பின்னர் அத்திட்டம் நின்றுவிட்டது. ஊதியமின்றி எழுதுவோர், ஊதியம் பெற்று எழுதியோரிடம் கேட்டது பணத்தை அன்று, திருத்தத்துக்குச் செவிசாய்த்தலையே.

குறைகள் இல்லாமல் இல்லை. 2005இல் அமெரிக்க இதழாளர் சான் சைகன்தாலர் என்பவர், கென்னடி கொலையில் ஐயத்துக்கு ஆளானவர் என்று ஒருவர் விளையாட்டாக எழுதிவைத்த பொய், நான்கு மாதங்கள் திருத்தப்படாமல் கிடந்தது. உயிரோடிருக்கும் ஒரு மனிதரின் நற்பெயர் அது. அதே ஆண்டின் இறுதியில் 'நேச்சர்' இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை ஒப்பிட்டு, பிரித்தானிக்காவில் ஒரு கட்டுரைக்கு மூன்று பிழைகள் எனில் விக்கிப்பீடியாவில் நான்கு என்று கூறியது. பிரித்தானிக்கா அம்முடிவை மறுத்தது. சாதிகளைப் பற்றிய பக்கங்களில் தத்தம் சாதியை மன்னர் மரபாக்கிக்கொள்வோர் இன்றும் உளர். எழுதுவோரில் பெண்கள் மிகச் சிலர் என்பது எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறை. ஒரு கட்டுரையைப் பலர் கவனித்தால் அது நேராகிறது. எவரும் கவனியாத கட்டுரை கோணலாகவே கிடக்கிறது. சிற்றூர்களைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டாம் வகை. அத்தகைய ஒன்றில்தான் நாமும் தலையிட்டோம்.

நமக்கு நேர்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர், இப்பகுதியின் சிற்றூர் ஒன்றைப் பற்றிய கட்டுரையை நம்மிடம் காட்டினார். அவருடைய பெற்றோர் உப்பளத் தொழிலாளர். கட்டுரையில் நான்கைந்து வரிகளே இருந்தன. அவ்வூரின் பழைய சிற்றாலயத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நாமே அமர்ந்து எழுதினோம்: இன்ன புனிதர் இவ்வழியே சென்றபோது இங்குத் திருப்பலி நிறைவேற்றினார், அதன் நினைவாகவே இவ்வாலயம் எழுந்தது. ஆண்டுதோறும் திருவிழா மறையுரையில் நாம் சொல்லிவரும் செய்தி அது. மக்களும் அதனைப் பெருமையுடன் கேட்பர்.

மறுநாள் அவ்வரி நீக்கப்பட்டிருந்தது. 'சான்று தேவை' என்று காரணம் எழுதப்பட்டிருந்தது. மீண்டும் சேர்த்தோம். மீண்டும் நீக்கப்பட்டது. இம்முறை உரையாடல் பக்கத்தில், "ஐயா" என்று விளித்து, இச்செய்தி வந்த நூலையோ இதழையோ குறிப்பிட்டால் தாமே சேர்த்துவிடுவதாக ஒருவர் எழுதியிருந்தார். அவர் யார், எந்த ஊர், எந்தச் சமயம் என நமக்குத் தெரியாது. நாம் சற்றுக் கடுமையாகவே விடையளித்தோம். முப்பது ஆண்டுகள் குருவாக வாழ்ந்தவன் சொல்வது சான்றாகாதா என்று கேட்டோம். அவர் சினக்கவில்லை. குருவானவர் சொல்வதை ஐயுறவில்லை என்றும், படிப்பவர் தாமே சரிபார்க்க வழி வேண்டும் என்பதே விதி என்றும், அவ்விதி தமக்கும் பொருந்தும் என்றும் எழுதினார்.

நூல் காட்டி அவர் வாயை அடைத்துவிடலாம் என்று எண்ணித் தேடத் தொடங்கினோம். பழைய திருமுழுக்குப் பதிவேடுகளைப் புரட்டினோம். அவ்வூரின் பெயர் அவற்றில் வருவதே, அப்புனிதர் இறந்து மிக நெடுங்காலம் கழிந்த பின்னர்தான். மறைப்பணியாளர் எழுதிய வரலாறுகளில் தேடினோம், இல்லை. இறுதியாக ஆலய விழா மலரொன்றில் அச்செய்தியைக் கண்டோம். நாம் தேடியதில் இதுவே மிகப் பழைய அச்சுச் சான்று. மகிழ்ச்சியுடன் கட்டுரையின் அடியில் எழுதியவர் பெயரைப் பார்த்தோம். அது நம் பெயர்.

குருமாணவராயிருந்த காலத்தில் களப்பணிக்காக இப்பகுதிக்கு வந்திருந்தோம். அப்போது முதியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து, "அந்தச் சாமி இப்படிப் போயிருப்பாராம்" என்று சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கிறோம். 'போயிருப்பாராம்' என்பது நம் பேனாவில் 'சென்றார்' ஆயிற்று. அடுத்த பத்தியில் 'திருப்பலி நிறைவேற்றினார்' ஆயிற்று. பின்னர் வந்த பங்குக் குருக்கள் அம்மலரைப் படித்து மறையுரை ஆற்றினர். மக்கள் அதனைக் கேட்டு வழிவழிச் செய்தியாக்கினர். நாமே மீண்டும் இங்கு வந்தபோது மக்கள் வாயிலிருந்து அதனைக் கேட்டு, தொன்மையான மரபு என்று மெய்ம்மறந்தோம்.

திருச்சபையின் வரலாற்றில் இதற்கு முன்மாதிரி உண்டு. பொலாந்தியர் என்னும் இயேசு சபை அறிஞர் குழு, 1643 தொடங்கிப் புனிதர் வரலாறுகளை மூல ஆவணங்களோடு ஒப்பிட்டு, நாள் வரிசையில் வெளியிட்டு வந்தது. ஐரோப்பா எங்கும் உள்ள துறவு மடங்களிலிருந்து மடல் வழியே குறிப்புகள் வந்தன, திருத்தங்களும் வந்தன. அக்குழுவின் தானியேல் பாப்பன்புரோக் அடிகளார், கார்மேல் சபையை எலியா இறைவாக்கினரே நிறுவினார் என்பதற்கு ஆவணச் சான்று இல்லை என எழுதினார். கார்மேல் சபையார் கொதித்தனர். 1695இல் இசுபானிய விசாரணை மன்றம் பொலாந்தியரின் தொகுதிகளைத் தடை செய்தது. 1715இல் தடை நீங்கியது. பாப்பன்புரோக் அதற்கு முந்தைய ஆண்டிலேயே இறந்துவிட்டார். இதனைக் குருமடத்தில் படித்தபோது நாம் பாப்பன்புரோக் பக்கமே நின்றோம். நம் சொந்த வரி நீக்கப்பட்டபோதோ, எவ்வளவு விரைவில் விசாரணை மன்றத்தின் பக்கம் போய்ச் சேர்ந்தோம்!

உரையாடல் பக்கத்தில் நடந்ததை எழுதினோம். நீக்கியது சரியே என ஒப்புக்கொண்டோம். நன்றி கூறி ஒரு வரி வந்தது, அவ்வளவே. ஆண்டவர் மத்தேயு 18ஆம் அதிகாரத்தில், குற்றம் செய்த சகோதரனை முதலில் தனியே கண்டு பேசச் சொல்கிறார்; தூய தோமா அக்குவினார் சகோதரத் திருத்தத்தை அன்பின் செயல்களுள் ஒன்றாக வைத்து ஆராய்கின்றார். இவற்றை நாம் பலமுறை பாடமாக நடத்தியிருக்கிறோம். ஆனால் அவ்வாறு நம்மைத் திருத்தியவர் முகமற்ற ஒருவர். அதுவும் ஊரறியப் பொதுப் பக்கத்தில். நம் பங்கில், பங்குப் பேரவையில், ஆயர் இல்லத்தில்கூட, ஒரு குருவின் மறையுரையில் உள்ள வரலாற்றுப் பிழையை எழுந்து சுட்டும் வழக்கம் நம்மிடையே இல்லை. மக்களுக்குத் துணிவில்லை என்பது ஒரு காரணம். நாம் அதற்கு இடம் வைக்கவில்லை என்பதே பெரிய காரணம். புனித அகுஸ்தினார் முதுமையில், 426–427 ஆண்டுகளில், தம் நூல்களை ஒவ்வொன்றாய் எடுத்து, எங்கெங்குத் தவறினோம் என்று தாமே ஒரு நூல் எழுதினார். அதைச் செய்யும்படி அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

உப்பளத்தார் சொல்

ஆனால் அவ்விதி எல்லாவிடத்தும் நீதியாய் முடிகிறது என்று நாம் சொல்ல மாட்டோம். அதே மாணவர், உப்பு விளையும் முறையைப் பற்றிச் சில வரிகள் எழுதித் தம் தந்தையாரிடம் படித்துக் காட்டினார். உவர்நீர் பாத்தியில் வெயிலால் வற்றி உப்பாகிறது என எழுதியிருந்தார். தந்தையார் தலையசைத்தார். "வெயில் மட்டும் போதுமாடா? காத்து வேணும். காத்து நின்னுபோச்சுன்னா எவ்வளவு வெயில் அடிச்சாலும் தண்ணி கனமா அப்படியே கிடக்கும்," என்றார். பருவத்தின் தொடக்கத்தில் பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவதையும், தரை இறுகிவிட்டதா என்று உள்ளங்காலே சொல்லும் என்பதையும், உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரை உரிய வேளையில் வெளியேற்றாவிட்டால் உப்பே கசந்துபோகும் என்பதையும் அவர் கூறினார்.

மாணவர் அவற்றைச் சேர்த்தார். அவையும் நீக்கப்பட்டன, காரணம் அதே சான்றின்மை. நம் வரி பொய்யானதால் நீங்கியது. அம்முதியவருடைய வரிகளோ உண்மையாயிருந்தும், அச்சில் ஏறாததால் நீங்கின. நூல் எழுதியவரின் பிழைக்கு உள்ள தகுதி, நாற்பது ஆண்டுகள் பாத்தியில் நின்றவரின் அறிவுக்கு இல்லாமற்போகிறது. இக்குறையை விக்கிப்பீடியரே உணர்ந்துள்ளனர். 2011இல் அச்சல் பிரபாலா என்பவரின் முயற்சியால், மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் வட சோத்தோ ஆகிய மொழிகளில், நூலில் இல்லாத செய்திகளை அறிந்தோரின் வாய்மொழியைப் பதிவு செய்து அதனையே சான்றாகக் காட்டும் ஆய்வு ஒன்று நடந்தது. சிற்றூர் விளையாட்டுகள், சடங்குகள், கைத்தொழில்கள் முதலியன அவ்வாறு எழுதப்பட்டன. ஆயினும் அது பொதுவிதியாக நிலைபெறவில்லை. வாய்மொழியை ஏற்றால் 'போயிருப்பாராம்' என்பதும் உள்ளே வந்துவிடும் அல்லவா? அந்த அச்சம் வெறும் அச்சமன்று என்பதற்கு நாமே சாட்சி.

இவ்வாண்டுத் திருவிழாவில், புனிதரைப் பற்றிய செய்தியை, முன்னோர் அவ்வாறு சொல்லக் கேட்டிருக்கிறோம் என்ற அளவில் கூறினோம். திருப்பலி முடிந்ததும் பாட்டி ஒருவர் வந்து, "சாமி, போன வருசம் அடிச்சுச் சொன்னீங்க, இந்த வருசம் இழுக்கிறீங்களே?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னோம். அவர் சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப அந்தச் சாமி வராமலும் இருந்திருக்கலாம்ன்றீங்க," என்றார். ஆம் என்றோம். வேறொன்றும் கேளாமல், கொண்டுவந்த மெழுகுதிரியைப் பீடத்தருகே ஏற்றிவிட்டுச் சென்றார்.

மாணவரின் தந்தையார் சொன்னவற்றை அவர் வாய்ச்சொல்லாகவே ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொரு பக்கத்தையும் எழுதியபின் அவரிடமே படித்துக் காட்டுகிறோம். இதுவரை படித்த பக்கங்களில் அவர் திருத்தாத பக்கம் இல்லை. அவற்றுள் காற்றைப் பற்றியும் கசப்பு நீரைப் பற்றியும் உள்ள செய்திகள் இக்கட்டுரையின் வழியாக இப்போது அச்சேறிவிட்டன. அம்மாணவர் இவ்விதழைச் சான்றாகக் காட்டி அவ்வரிகளை மீண்டும் சேர்க்கக்கூடும். சேர்த்தால், இதை எழுதியவர் யார், அவர் முன்பு எழுதிய விழா மலரின் கதி என்ன என்று உரையாடல் பக்கத்தில் எவரேனும் கேட்க உரிமை உண்டு.